நெருப்பில்லாத குசினி

முதலில் வந்தது ஒரு வாசனை. சோறு அடிப்பிடித்துத் தீய்கிற வாசனை.

நான் வகுப்பறையில் நின்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சாப்பாடு சமைக்கிற கொட்டகை இருக்கிறது. அங்கேதான் பானை தீய்கிறது என்று நினைத்து ஒரு பிள்ளையைப் பார்த்துவரச் சொன்னேன்.

“இன்னைக்கி சமைக்கிறவங்க வரவே இல்லைங்க டீச்சர்” என்றாள் அவள்.

அதற்குள் வாசனை போய்விட்டது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று தொண்டைவரை எழும்பி, அப்படியே இறங்கிப்போனது. தண்ணீர் குடித்துவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தேன். அடுத்த வாரங்களிலும் அது வந்தது. தூக்கம் போதவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது இல்லாத வாசனை ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், தயவுசெய்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீடு மஸ்கெலியாவிலிருந்து உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கடைசி வீடு. கணவர் யோகராஜ் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் யதுஷா அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கணவரின் அக்கா செல்வராணி இருக்கிறார். குவைத்தில் ஒரு வீட்டில் வருடக்கணக்காக வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து தனியாக வாழ்கிறவர். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை குசினியில் விறகடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை வந்தது. இந்த முறை அடுப்பும் பானையும் உண்மையாகவே முன்னால் இருந்தன. தீய்ந்துவிட்டதா என்று பார்க்கக் குனிந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது குசினித் தரையின் ஈரம். வாயில் இரத்தம். இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை எரிந்தது. சுற்றி லயத்து ஆட்கள் நின்றார்கள். என் உள்ளங்கையில் யாரோ இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். பற்களுக்கு இடையில் கரண்டியை நுழைக்கப் பார்த்ததில் முன்பல் ஒன்று உடைந்திருந்தது. மதினியின் இடுப்பில் யதுஷா வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். கொதிக்கிற சோற்றுப்பானை என் கையில் கவிழ்ந்து, அவள் உட்கார்ந்திருந்த பலகைக்குச் சற்று முன்னால்வரை ஓடி நின்றிருக்கிறது.

குனிந்ததற்கும் கண்விழித்ததற்கும் இடையில் என்னிடம் ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரியின் நீண்ட நடையில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கணவரோடு உட்கார்ந்திருந்தேன். தீக்காயத்துக்காக வந்தவள் என்றே மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படி நினைக்கத்தான் விரும்பினேன். எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர். கையைப் பற்றி அவர் கடைசியாகத்தான் கேட்டார்.

“விழுறதுக்கு முதல் ஏதாவது மணந்ததோ? வயித்துக்குள்ள இருந்து ஏதும் எழும்பி வந்த மாதிரி இருந்ததோ?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை நான் கணவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

“சோறு தீயிற வாசனைங்க டாக்டர். எப்பவும் அதேதான்.”

“அது அடுப்பில இருந்து வாற மணம் இல்லை, தங்கச்சி. மூளையில இருந்து வாறது.”

அதற்கு ஆரா என்று பெயர் (வலிப்பு தொடங்குவதற்குச் சற்று முன் சிலருக்குத் தோன்றும் உணர்வு, வாசனையாகவோ, பயமாகவோ, வயிற்றில் எழும்பும் அலையாகவோ இருக்கலாம்). பிறகு கண்டிக்குப் போய் ஈ.ஈ.ஜி. எடுத்தோம் (தலையில் சிறு கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை; வலிக்காது). வலிப்பு நோய் என்று உறுதியானது (மூளையின் மின்னோட்டத்தில் திடீர்க் குழப்பம் ஏற்பட்டு வலிப்பு மீண்டும் மீண்டும் வருவது). லயத்தில் இதற்குக் காக்கா வலிப்பு என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள்.

டாக்டர் என் கணவரைப் பார்த்துத்தான் அதிகம் பேசினார். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது.

“இன்னொண்டு. இப்போதைக்கு நெருப்புக்குக் கிட்டப் போகவே கூடாது.”

வீடு வந்ததும் யோகராஜ் விறகை எல்லாம் வெளியே அள்ளினார். அவசரத்துக்கு வைத்திருந்த கேஸ் அடுப்பையும் தூக்கி அக்கா வீட்டில் வைத்தார். அன்றிலிருந்து மூன்று வேளையும் மதினி சமைத்துக் கொண்டுவந்தார். கை ஆறுகிறவரை எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. செய்வதற்கு எதுவும் இல்லாமல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சின் நடுவில் ஒரு சொல்லைத் தேடி நிறுத்தினால்கூடக் கணவர் எழுந்துவிடுவார். “என்ன? வருதா?” இல்லை என்று நான் தலையாட்டும்வரை மூச்சுவிட மாட்டார்.

அதைவிட மோசமானது மதினியின் குசினி. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. அங்கே எது தீய்ந்தாலும் வாசனை இங்கே இறங்கும். அது என் தலைக்குள் வருகிறதா, மதினியின் பானையிலிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியாது. யதுஷாவைத் தள்ளி உட்காரவைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டு கத்துவேன்.

“மதினி, ஏதாச்சும் தீயுதா?”

“ஆமா, பருப்பு புடிச்சிருச்சி!” என்று பதில் வந்தால் எனக்கு அழுகையே வரும், அவ்வளவு நிம்மதி. பதில் வரத் தாமதமாகும் அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒருநாள் “இங்க ஒண்ணும் தீயலியே” என்றார். அப்போது எனக்கு வலிப்பு வரவில்லை, வாசனை மட்டும் வந்துபோனது. ஆனால் அன்று முழுவதும் நான் தரையைவிட்டு எழவில்லை.

கிளினிக்கில் இதைச் சொன்னேன். மதினியும் கூட வந்திருந்தார். டாக்டர் யோசித்துவிட்டு, “நெருப்பில்லாமல் சமைக்கிற கரண்ட் சட்டி ஏதும் வீட்டில இருக்கோ? மூடிவச்சிட்டுத் தள்ளிப் போகக்கூடிய மாதிரி?” என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று மாலை மதினி தன் அலுமாரிக்கு மேலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“குவைத்துல இருந்து வர்றப்ப அந்த வீட்டு மேடம் குடுத்தாங்க. ஸ்லோ குக்கர்.”

“ஏன் மதினி தொறக்கவே இல்ல?”

“அங்க சமைச்சதே போதும்னு இருந்திச்சி.”

வெளியே உலோகக் கூடு, உள்ளே கனமான பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி, சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. இவ்வளவுதான் அது. சட்டியின் பக்கங்களிலிருந்து மெதுவாகச் சூடு ஏறி, பல மணி நேரம் அப்படியே நிற்கும். தீ இல்லை. பொங்கி வழியாது. போதுமான ஈரம் இருந்தால் அடிப்பிடிக்காது. பழைய குண்டு பல்புகள் இரண்டு மூன்று எரிவதற்கு ஆகும் கரண்டுதான் ஆகும் என்றார் கணவர், அடியிலிருந்த எழுத்தைப் படித்துவிட்டு.

மதினி சொல்லிக்கொடுத்தார்.

“அடியில கெழங்கு, கேரட்டு. அதுக்குத்தான் கூட நேரம் வேணும். கறி மேல. பானையில ஊத்துற தண்ணியில பாதிகூட வேணாம், ஆவி வெளிய போகாதில்ல. சட்டிக்கு முக்கா அளவுக்கு மேல போடாத. தேங்காப்பால் கடைசியில.”

“வெந்துருச்சான்னு எப்பிடிப் பாக்குறது?”

“பாக்காத. அதான் இதுல கஷ்டம். ஒருக்கா மூடியத் தொறந்தா சூடெல்லாம் போயிரும், திரும்ப ஏற ரொம்ப நேரம் புடிக்கும். சத்தம் கேக்கலியேன்னு பயப்படாத. போட்டுட்டுப் போயிரணும்.”

கணவர் அதைச் சுவரோரம் கல் திட்டில், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வைத்தார். நான் விழுந்தாலும் இழுபடாதபடி, யதுஷாவின் கைக்கு எட்டாதபடி, வயரைப் பின்பக்கம் சுருட்டிக் கட்டினார். மூடியைத் திறக்கும்போது அடிக்கும் ஆவியும் கையைச் சுடும் என்பதால், முதல் கொஞ்ச நாள் திறப்பது மதினியின் வேலையாக இருந்தது.

முதலில் நாட்டுக்கோழி வைத்தேன். காலையில் வலது கையால் கிழங்கை நறுக்கி, மசாலா பிரட்டிப் போட்டேன். நாள் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மாலையில் மதினி மூடியைத் திறந்தபோது இறைச்சி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. யோகராஜ் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது அவர் கண் என் முகத்தில் இல்லாமல் தட்டில் இருந்தது. எனக்கு அது போதும்.

சில வாரங்களில் மதினியும் தன் வீட்டில் தாளிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை என் சட்டிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் எதுவும் தீய்வதில்லை. தீய்கிற வாசனை வந்தால் அது நோய்தான். யாரையும் கேட்காமல் உடனே படுத்துக்கொள்ளலாம். என்னைப் போன்ற ஒருத்திக்கு இந்தச் சட்டியால் கிடைத்த பெரிய நன்மை ருசியோ, நேரமோ, கரண்டு மிச்சமோ இல்லை. இந்தத் தெளிவுதான்.

சில விஷயங்களைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். காற்று மழைக்கு இங்கே கரண்ட் போகும். வீட்டில் ஆளில்லாதபோது போய், எவ்வளவு நேரம் போயிருந்தது என்று தெரியாவிட்டால், அந்தச் சாப்பாட்டைக் கொட்டிவிட வேண்டும். அரைச்சூட்டில் கிடந்த இறைச்சி நஞ்சு. மீந்ததை இதிலேயே சுடவைக்கவும் கூடாது. இவையெல்லாம் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் கடந்துபோயின. போஞ்சிக்கொட்டை (ராஜ்மா என்றும் சொல்வார்கள்) அப்படிப் போகவில்லை.

லிந்துலையிலிருந்து வரும் சக ஆசிரியை ஒருவர் தன் தோட்டத்தில் முற்றிக் காய்ந்த சிவப்புப் போஞ்சி விதைகளைக் கொடுத்தனுப்பினார். விறகடுப்பு இருந்த காலத்தில் அதைத் தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் சமைத்திருக்கிறேன். இப்போது ஊறவைத்து, நேராகச் சட்டியில் போட்டு, சூட்டைக் குறைத்து இரவு முழுக்க வைத்தேன். மாட்டெலும்பையே மெத்தென்றாக்கும் என்று மதினி சொல்லும் சட்டிக்கு விதை எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரொட்டியோடு நானும் யதுஷாவும் மதினியும் சாப்பிட்டோம். கணவர் அதற்கு முன்பே ஹட்டனுக்கு ஹயர் சவாரி போயிருந்தார். சாப்பிட்டு முடித்து என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

முதலில் யதுஷா வாந்தியெடுத்தாள். நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும்போதே எனக்கும் வந்தது. வயிறு முறுக்கி முறுக்கி எடுத்தது. அந்தப் பக்கம் மதினியும் வாந்தியெடுக்கிற சத்தம் கேட்டது. என் நினைப்பெல்லாம் மாத்திரையில் இருந்தது. அது வெளியே வந்துவிட்டதா? இன்னொன்று போட்டேன். அதுவும் தங்கவில்லை. பிள்ளை மூன்றாவது முறை எடுத்துவிட்டுத் துணி போல என் தோளில் சாய்ந்தாள்.

கணவருக்குப் போன் பண்ணினேன்.

“வலிப்பா?” என்றுதான் முதலில் கேட்டார்.

“இல்லங்க. புள்ளைக்கி வாந்தி, நிக்க மாட்டேங்குது. எனக்கும் மதினிக்கும்கூட. மாத்திர தங்கலங்க.”

ஆட்டோ திரும்பும் சத்தம் போனில் கேட்டது.

அவர் வரும்வரை நாங்கள் மூவரும் வாசலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தோம். விழுந்தாலும் தரையிலிருந்து விழ இடமில்லை என்று நான்தான் சொன்னேன். வந்ததும் பிள்ளையைத் தூக்கினார். பின்சீட்டில் என் மடியில் யதுஷா, பக்கத்தில் மதினி. மழை தொடங்கியிருந்தது. நீர்த்தேக்கத்தை ஒட்டிய வளைவுகளில் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது.

அப்போது சோறு தீய்ந்தது.

சுற்றிலும் மழையும் தேயிலையும்தான். ஆட்டோவுக்குள் பானை ஏது? வயிற்றிலிருந்து அந்த அலை எழும்பத் தொடங்கியது. எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன்.

“மதினி, புள்ளைய வாங்குங்க.”

மதினி ஏன் என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பறித்துக்கொண்டார். “தம்பி, ஓரமா நிப்பாட்டு!” என்ற அவர் குரல்தான் நான் கடைசியாகக் கேட்டது.

மற்றது மற்றவர்கள் சொன்னது. யோகராஜ் பின்னால் வந்து என்னைச் சீட்டிலேயே ஒருபக்கமாகச் சரித்திருக்கிறார். தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தலைக்கடியில் வைத்திருக்கிறார். ரோட்டோரக் கடையிலிருந்து ஆட்கள் சாவியும் கரண்டியுமாக ஓடி வந்திருக்கிறார்கள். மதினி ஒரு கையில் பிள்ளையையும் இன்னொரு கையில் என் தோளையும் பிடித்துக்கொண்டு, “ஒண்ணும் வைக்காதீங்க! தள்ளுங்க, காத்து வரட்டும்!” என்று கத்தியிருக்கிறார். முன்பு வந்ததைவிட இது நீண்டிருக்கிறது. நின்றதும் அவர்கள் மூவருமாக என்னைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் ஓடி வந்தவர்களில் ஒருவர். அவர் பெயர் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

கண்விழித்தபோது கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் யதுஷாவுக்கும். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நெஞ்சு ஏறி இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வந்து என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார். சொன்னேன்.

“ஊறவச்சுப் போட்டு அவிச்சு எடுத்தனீங்களோ, அப்பிடியே சட்டிக்குள்ள போட்டனீங்களோ?”

“அப்பிடியே போட்டேங்க. வெதை மெத்துன்னுதான் டாக்டர் இருந்திச்சி.”

“மெத்தெண்டு இருந்தால் வெந்தது எண்டு இல்லை, தங்கச்சி.”

சிவப்புப் போஞ்சி விதையில் லெக்டின் இருக்கிறது (சில விதைகளில் இயற்கையாகவே உள்ள ஒரு பொருள், வேகாமல் உள்ளே போனால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்). நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். குறைந்த சூட்டில் வைத்த சட்டி அந்த அளவுக்கு ஏறாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்லோ குக்கரில் போட வேண்டும். எங்கள் மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே விடலாம். இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நிற்காத வாந்தி வந்தால் வீட்டிலேயே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பிள்ளை சீக்கிரம் தேறினாள். என் மருந்தின் அளவை டாக்டர் கொஞ்சம் கூட்டினார். வீட்டுக்கு வந்தபோது கல் திட்டு காலியாக இருந்தது.

“எங்கங்க அது?”

“பொட்டியில போட்டு மேல வச்சிட்டேன்.”

“எதுக்கு?”

யோகராஜ் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். “எதுக்கா? ஆட்டோவுல நீ கெடந்தத நீ பாக்கல ஜீவா. நான் பாத்தேன்.”

அவர் சொன்னது உண்மை. என் நோயை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எனக்கு அது வெறும் இடைவெளி. முறுக்கிய கையையும், நீலமாகிற உதட்டையும், மேலே செருகிய கண்ணையும் பார்த்தவர் அவர்தான். பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் ஆட்டோ ஓட்டப் போனவரும் அவர்தான். அதுவரை நோய் எனக்கு மட்டும் வந்ததாக நினைத்திருந்தேன்.

அவர் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். “நீங்க பாத்தீங்க. பயம் இல்லாம இருக்காது. ஆனா அந்த நாக்காலியில நான் ஒக்காந்திருந்ததையும் நீங்க பாத்தீங்கதானே? என்னால திரும்ப அதுல போயி ஒக்கார முடியாதுங்க.”

மதினி வாசலில் வந்து நின்றிருந்தார். அவருக்கும் இன்னும் முகம் தெளியவில்லை.

“கொதிக்க வைக்கிறது என் வேல. மிச்சம் அவ வேல. பொட்டிய எறக்கு தம்பி.”

கணவர் நின்றுகொண்டே இருந்தார். அக்காவை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை, என்றாலும் கை எழவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். இறக்கும்போது அவர் முதுகு குலுங்கியது. நான் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டிய மருந்து முதல் கொஞ்ச காலம் என்னைப் போட்டு அமுக்கியது. தெரிந்த சொற்கள் நாக்குக்கு வரத் தாமதித்தன. காலையில் தலை தெளிவாக இருக்கிற நேரத்தில் நறுக்கிப் போட்டுவிடுவேன். பிறகு தூக்கம் வந்தால் தூங்குவேன். நான் தூங்குகிற நேரத்திலும் வேலை நடந்துகொண்டிருந்தது. எழும்போது குற்ற உணர்ச்சி இல்லை. அரிசி இருபது நிமிடத்தில் வேக வேண்டும், நான் இன்றைக்கே பழையபடி ஆக வேண்டும் என்றிருந்த அவசரம் எப்போது என்னைவிட்டுப் போனது என்று தெரியவில்லை.

மெல்ல மெல்லப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினேன். வாசனை இப்போதும் எப்போதாவது வரும். வந்தால் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துகொள்வேன். பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பெரும்பாலும் அது அப்படியே கலைந்துவிடும். இனி வலிப்பு வராது என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்பதில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் யோகராஜ் தினமும் ஆட்டோவோடு காத்திருப்பார். போன வாரம் ஒரு நாள் காலை, “இன்னைக்கி நானே நடந்து வர்றேங்க” என்றேன். சரி என்று சொல்ல அவருக்கு நேரம் எடுத்தது. ஆனால் மாலையில் ஆட்டோவோடு வந்து நிற்கவில்லை.

தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில் தனியாக நடந்தேன். மழை விட்டு வெயில் வந்திருந்தது. பாதி வழியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். களைப்பு இல்லை, அலை இல்லை, வாசனை இல்லை. மேல் வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையோடு நிமிர்ந்து பார்த்துப் பதறினாள்.

“என்னங்க டீச்சர், ஒக்காந்துட்டீங்க? ஆள் கூப்பிடட்டுங்களா?”

“வேணாங்க” என்றேன். “சும்மாதான் ஒக்காந்திருக்கேன்.”